சங்கிலி போட்டு அளந்த பூந்தோட்டம்

எங்கள் அப்பாவுக்குச் செடி கொடி என்றால் ஒன்றும் தெரியாது. அம்மா பாவியிருந்த கத்தரி நாற்றை ஒருமுறை களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, கொல்லையைச் சுத்தம் செய்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டவர். சமஸ்தானத்தில் நிலம் அளக்கிற உத்தியோகம் அவருக்கு. மண்ணை அளப்பாரே தவிர, அதில் என்ன முளைக்கும் என்று கவலைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஓர் ஆடி மாதக் காலையில், கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே கிடந்த சரளைத் தரையில் முளைக்குச்சிகளை அடித்து, அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும் எனக்கு.

பூந்தோட்டம் போடப்போகிறாராம்.

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்து வந்த ஆடி அது. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடு இருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது பொன்னமராவதிப் பக்கம். மாமா ரங்கூனில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். குண்டு விழுந்த பிறகு அவரிடமிருந்து கடுதாசியே இல்லை. அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நாலு நாள் இருந்துவிட்டு வரச்சொல்லி மாமியார் வீட்டில் அனுப்பிவைத்த அத்தை, மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அத்தை போல் யாரும் எனக்குப் பின்னல் போட்டுவிட்டதில்லை.

அத்தை வந்த புதிதில் தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் கூடையை இறக்கிய பூக்காரி, பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட ஆரம்பித்தாள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவளுக்குத் தலையில் பூ என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தெருவில் பேச்சுக் கிளம்பியிருந்தது. அது என் காதிலும் விழுந்தது. நான் விளங்கிக்கொண்டதென்னவோ, பூக்காரிக்கும் எங்களுக்கும் சண்டை, இனிமேல் பூ கிடைக்காது என்பது மட்டும்தான்.

அப்பா சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "எவ வித்தா என்ன, விக்காட்டி என்ன? என் தங்கச்சி தலையில ஒரு நாளும் பூ இல்லாம இருக்கக் கூடாது."

அவர் போட்ட பிளானைப் பார்த்திருக்க வேண்டும்! வட்டமாகப் பன்னிரண்டு பாத்திகள், மாதத்துக்கு ஒன்று. நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிய வேண்டும். எல்லைக்குச் செம்புறாங்கல் துண்டுகள் நட்டாயிற்று. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஏங்க, மல்லிகைச் செடி பஞ்சாங்கம் பாத்தா பூக்கும்? ஒரு பாத்திக்கு ஒரு மாசம்னு அதுக்கு நீங்க உத்தரவு போட்டிருக்கீகளா?"

அப்பா கொஞ்சம் அசடு வழிந்தார். பிறகு சர்க்கார் பிளானில் திருத்தம் வந்தது. வெயில் நன்றாக விழும் கிழக்கே மல்லிகை. வேலியோரம் பந்தல் கட்டிப் பிச்சிக்கொடி. கிணற்றடியில் முல்லை. ஐப்பசி, கார்த்திகைக்குச் செவ்வந்தி, மார்கழிக்கு டிசம்பர் பூ. இடைவெளி எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் கனகாம்பரம். எந்தப் பூ காலை வாரினாலும் அது கைகொடுக்கும் என்றாள் அம்மா. வட்டத்தை மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் ஊர்த் தரை லேசுப்பட்டதா? கடப்பாரை போட்டால் நெருப்புப் பறக்கும். தோண்டிய குழிகளில் கண்மாயிலிருந்து வண்டியில் அடித்த கரம்பை மண்ணைக் கொட்டினோம். பதியன் வாங்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அத்தையைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிய வீடுகளிலேயே போய்க் கேட்டாள். ஒருத்தி கூட இல்லை என்று சொல்லவில்லை. வேரில் ஈர மண்ணை வைத்து, வாழை மட்டையில் சுற்றிப் பதமாகக் கொடுத்தார்கள். பேச்சு வேறு, செடி வேறு போலிருக்கிறது.

குளிக்கிற தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் போனது. அப்பா முகாமிலிருந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போவார். பூத்திருக்கிறதா என்று பார்க்க மாட்டார். செடிகள் வரிசையில் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். கோணலாக வளர்ந்த கனகாம்பரத்தைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் அந்தச் செடிகளோடு பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் பாசமுமாக வருகிறது.

தோட்டம் சொன்ன சொல் காப்பாற்றியது. புரட்டாசியில் கனகாம்பரம் பூத்தது. அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. சாயங்காலம் அம்மா நாரில் தொடுத்து வைத்துவிடுவாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். வேண்டும் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. தானாக ஒரு பூவைக்கூட அவள் பறித்து நான் பார்த்ததில்லை.

பங்குனியில் பொன்னமராவதியிலிருந்து தகவல் வந்தது. அத்தையின் மாமியாரும் கொழுந்தனாரும் வருகிறார்கள். மாமா இருந்த தெருவே எரிந்து போய்விட்டதாம். காரியத்துக்கு ஒரு நாள் குறித்துவிடலாம் என்று பேசத்தான் வருகிறார்கள். காரியம் நடந்தால் தாலியும் பூவும் சேர்ந்தே இறங்கிவிடும். அவர்கள் படியேறும்போது தங்கை தலை நிறையப் பூவோடு நிற்க வேண்டும், அதுதான் தன் பதில் என்றிருந்தார் அப்பா. மல்லிகை அப்போதுதான் முதல் மொக்கு விட்டிருந்தது.

அவர்கள் வருகிற அன்று விடிந்ததும் போய் மொக்குகளைப் பார்த்துவிட்டு வந்தவர், இருந்த படபடப்பில் வேலிப்படலைக் கட்ட மறந்துவிட்டார். நாங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு வெள்ளாடுகள் பன்னிரண்டு மாதத்தையும் தின்று முடித்திருந்தன. மல்லிகை வெறும் குச்சி. கனகாம்பரம் இருந்த இடமே தெரியவில்லை. அப்பா செம்புறாங்கல் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. செடிக்காக ஒரு பெரிய மனிதர் அழுவாரா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

கடைத்தெருவுக்கு ஓடி வாங்கிவர நேரமில்லை. அவர்கள் வந்த மாட்டு வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.

ஆடு வாய்வைக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தானாக முளைத்துக் கிடந்த, செண்டுமல்லி என்பார்களே, அந்தக் கேந்திச் செடி. கேந்திப் பூவைச் சாமி மாலைக்குக் கட்டுவார்கள். அதன் வாசனைக்கு எந்தப் பெண்ணும் அதைத் தலையில் வைக்க மாட்டாள். அத்தை விடுவிடுவென்று போய், இருந்ததில் பெரிய பூவாக ஒன்றைத் தன் கையாலேயே கிள்ளினாள். கொண்டையில் செருகிக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் போய் நின்றாள். மஞ்சள் பந்து போல அது ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அம்மா நறுக்கென்று கிள்ளினாள்.

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். அதற்குள் அத்தை, "அவுக வருவாக அத்தே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாமியார் வெள்ளைப் புடவைக்காரி. அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ சரிந்து விழப் பார்த்தது. அதைச் செருகிவிடக் கையை நீட்டினாள். விரல் கொண்டை வரைக்கும் போய்விட்டது. சுடுகலத்தில் பட்டவள் போலச் சட்டென்று இழுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ வச்சு விடாத்தா. நல்லா இறுக்கி வையி."

அம்மா இறுக்கிச் செருகிவிட்டாள். "ஆத்தா, நாம வந்த விஷயம்..." என்று கொழுந்தனார் இழுத்தார்.

"என்ன விஷயம்? மருமகளப் பாக்க வந்தோம், பாத்தாச்சு. வண்டியக் கட்டச் சொல்லு."

ஆடு கடித்த மல்லிகை சித்திரையில் யாரும் எதிர்பாராதபடி பூத்துக் குலுங்கியது. மாமா கடைசிவரை வரவில்லை. காரியமும் கடைசிவரை நடக்கவில்லை. தாலி இழந்தவளின் கை சுமங்கலியின் தலைப் பூவில் படக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டு. மகன் போய்விட்டான் என்று நம்பியிருந்தால் அந்தத் தாய் கையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை.

அன்றைக்கு எனக்கு இது எங்கே தெரிந்தது? வண்டி போனதும் அம்மாவிடம் கேட்டேன், "அந்த ஆத்தாவுக்குக் கேந்தி நாத்தம் ஆகாதாம்மா?" என்று. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிள்ளியதற்காக வருத்தப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, வலிக்கவே இல்லை என்றேன்.