சங்கத்தின் முதல் மரணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாயின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். நாயும் வந்திருந்தது.

சிரிக்காதீர்கள். வெள்ளைக்கொடி கட்டி, கூடாரம் அடித்து, பிளாஸ்டிக் கதிரை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, முறைப்படி நடந்த சடங்கு அது. தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு மேலே ரோட்டில் ஸ்பிரிங்வெளி பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, போனது யார் என்று என்னிடம் கேட்டார். பேனரைக் காட்டினேன். 'கண்ணீர் அஞ்சலி' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, நாக்கைத் தொங்கப் போட்டபடி டைகரின் படம். அதே டைகர், அதே நாக்கோடு, பேனருக்குக் கீழே படுத்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு கியரைப் போட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். பிறகு நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள்... பரவாயில்லை.

பதுளையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பிராணிகள் மீட்புச் சங்கம் ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. பஸ்ஸில் அடிபட்ட நாய், சாக்கில் கட்டி வீசிய பூனைக்குட்டி, பள்ளத்தில் விழுந்த கன்றுக்குட்டி என்று கண்ணில் படுவதைத் தூக்கி வந்து காப்பாற்றுவதுதான் வேலை. தலைவர் சிவபாதம் சேர். அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்து, இந்தக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவர்.

சேருக்கு நாய் பிடிக்குமா? பிடிக்காது. தூரத்தில் ஒரு நாய் வந்தாலே குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவார்.

பிறகு எப்படித் தலைவரானார் என்கிறீர்களா? லண்டனில் இருக்கும் அவருடைய மகளுக்கு நாய் என்றால் உயிர். நாங்கள் சங்கம் தொடங்குவதைக் கேள்விப்பட்டு ஒரு நல்ல தொகையை அனுப்பி வைத்தாள். அப்புறம் அப்பாவைத் தலைவராக்காமல் விடுவோமா? நம் ஊர்ச் சங்கங்களில் தலைவர் தெரிவு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

செயலாளர் கமல். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போட்டோகொப்பி, டைப்பிங் கடை வைத்திருக்கும் சுறுசுறுப்பான பையன்... பையன் என்றால் முப்பத்தைந்து வயது இருக்கும். நான் பத்திரிகைத் தொடர்பாளர். அதாவது, கூட்டத்தில் டீ குடிக்கும் பதவி.

சின்னச் சின்னச் செலவுகளையெல்லாம் கைக்காசு போட்டே சமாளித்து வந்தோம். மகள் அனுப்பிய பணம் வங்கியில் பத்திரமாகத் தூங்கியது. பெரிய தேவை வரும்போது எடுக்கலாம் என்பது எல்லோருடைய எண்ணமும்.

பெரிய தேவை டைகர் உருவத்தில் வந்தது.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் கொழுந்து பறிப்பவர் புஷ்பம் அக்கா. எங்கள் சங்கத்தில் தோட்டத்திலிருந்து சேர்ந்த முதல் ஆள். கணவர் இல்லை. மகள் கொழும்பில் கார்மண்ட்ஸில் வேலை செய்கிறாள். லயத்து வரிசை வீடொன்றில் அவரும் டைகரும் மட்டும்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு அவர் மலைக்கு ஏறும்போது டைகர் எப்போதும் நாலடி முன்னால் போகும். அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. யாரோ பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் பின்னங்காலை விட்டுவிட்டது. அது முன்னால் போகாதிருந்தால் மாட்டியிருப்பது தன் கால்தான் என்று புஷ்பம் அக்கா போனில் அழுதார்.

கம்பியை வெட்டி எடுத்து, வேன் பிடித்து, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எலும்பு நொறுங்கி, புண் கறுக்கத் தொடங்கியிருந்தது. காலை எடுத்தால் உயிர் தப்பும், இரண்டு மூன்று நாளுக்குள் எடுக்காவிட்டால் தப்பாது என்று சொல்லிவிட்டார். பெரிய ஒப்பரேஷன். மாதக் கடைசி. வேனுக்கும் முதல் வைத்தியத்துக்கும் கொடுத்தே எங்கள் எல்லோருடைய பையும் காலி. அதனால் என்ன, வங்கியில்தான் பணம் இருக்கிறதே!

அன்று பின்னேரமே கமலின் கடை மாடியில் அவசரக் கூட்டம். எழுந்து கைதூக்கிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தோம். சிவபாதம் சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் யாப்பைப் பார்ப்போம் என்றார். எங்கள் சங்கத்துக்கு யாப்பு என்று ஒரு சட்டதிட்டம் இருப்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதிவு செய்யும்போது கமல் டைப் செய்து தந்தான், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். யார் வாசித்தது?

சேர் வாசித்தார். கச்சேரிக் குரலில், நிதானமாக.

"தொடர்ந்து மூன்று மாதம் சந்தா செலுத்தத் தவறும் பிராணி சங்கத்திலிருந்து நீக்கப்படும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பிராணியின் வாழ்க்கைத்துணையின் தாய் அல்லது தந்தை காலமானால் உதவித்தொகையின் பாதி வழங்கப்படும்."

சேர் கண்ணாடிக்கு மேலாகக் கமலைப் பார்த்தார். கமல் மேசைக்குக் கீழே எதையோ தேடினான். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவன் அவர்கள் பகுதி மரணாதார சங்கத்துக்கும் செயலாளர். அங்கத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் காசும் கூடாரமும் கொடுத்து உதவும் சங்கம். அந்த யாப்பு கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. 'அங்கத்தவர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'பிராணி' என்று மாறும்படி ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்கியிருக்கிறான். அவ்வளவுதான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பாருங்கள், எங்கள் பக்கத்தில் ஒழுங்காக நடக்கிற சங்கம் எது? விளையாட்டுக் கழகம் தேர்தலோடு உடையும். பழைய மாணவர் சங்கம் குரூப் போட்டோவோடு முடியும். மரணாதார சங்கம் மட்டும் அசையாது. சாவு வீட்டுக்குச் செய்தி போகுமுன் கதிரை போய்விடும். அதே ஆள் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தபோது, மருந்து வாங்க ஒரு கதிரைக்கான வாடகையை யாராவது கொடுத்திருப்போமா? செத்தவர்களுக்குச் செய்வதில் நாம் கெட்டிக்காரர்கள். உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யத்தான் நம்மிடம் யாப்பு இல்லை.

அடுத்த வரியில் அதுவேதான் இருந்தது. சங்க நிதியை, பிராணி இறந்த பின்னர் மட்டுமே விடுவிக்கலாம்.

யாப்பைத் திருத்தலாம்தான். அதற்குப் பொதுக்கூட்டம் வேண்டும், மூன்று வாரத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். டைகருக்கு மூன்று நாள்கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போடுங்கள் சேர், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். அவர் தாள்களை அடுக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "என்ர மகளின்ர காசெண்டபடியாத்தான் தம்பி, நான் கூடக் கவனமா இருக்கவேணும். நாளைக்குத் தகப்பனும் மகளும் நினைச்சபடி ஆட்டுற சங்கம் எண்டு சொல்லுவினம்."

மனுஷன் கல்லுப் பிள்ளையார் என்று அந்த நேரம் மனதுக்குள் திட்டினேன். ஆனால் அவர் சொன்னதில் என்ன பிழை? இரக்கப்பட்டு எடுத்தேன், இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று சொல்லியே இழுத்து மூடப்பட்ட சங்கங்கள் எத்தனையை நாம் பார்த்திருக்கிறோம்...

அப்போதுதான் கமல் தலையைச் சொறிந்துகொண்டு அந்த யோசனையைச் சொன்னான். டைகர் இறந்துவிட்டதாக அறிவித்துவிட்டால் என்ன? பணம் வரும். ஒப்பரேஷன் நடக்கும். பொதுக்கூட்டம் கூடும்போது உள்ளதைச் சொல்லி யாப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

எல்லோர் முகமும் மலர்ந்தது. ஒரு சிக்கல். இறந்தவருக்கு மிக நெருங்கியவர் நேரில் வந்து செயற்குழு முன் மரணத்தை அறிவிக்க வேண்டுமாம். அதற்கென்ன, ஓட்டோ அனுப்பிப் புஷ்பம் அக்காவைக் கூட்டி வந்தோம். மலையிலிருந்து நேரே வந்திருந்தார், சேலைக்கு மேல் கட்டியிருந்த சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. கமல் விளக்கமாகச் சொன்னான். ஒரே ஒரு வார்த்தை அக்கா, சொல்லிவிட்டால் போதும், காலையில் ஒப்பரேஷன்.

அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மூச்சு வுட்டுக்கிட்டுக் கெடக்குறத செத்துருச்சுன்னு என் வாயால எப்படிங்க சொல்றது?" என்றார். "நான் சொல்லி, அது நெசமாப் போயிருச்சுன்னா?"

அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் அனைவரும் படித்தவர்கள். சகுனம் பார்க்காதவர்கள் என்று பீற்றிக்கொள்பவர்கள். அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன் என்று ஒருத்தர் எழும்பினாரா? வாராவாரம் உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் எனக்கும் அந்த ஒரு சொல் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. சிவபாதம் சேர் எழுந்து நின்றார்.

"சங்கத்தின்ர பொறுப்பில இருக்கிற பிராணிக்கு நெருங்கின ஆள் தலைவர்தான். அப்பிடித்தான் நான் விளங்கிக்கொள்ளுறன்," என்றார். "டைகர் காலமாகிவிட்டதெண்டு நான் அறிவிக்கிறன். இது பொய். பொய்யின்ர பாவம், பழி எல்லாம் என்ர தலையில. எழுதும், கமல்."

கமல் எழுதினான். சேர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். முப்பது வருடம் அரசாங்கத் தாளில் ஒரு பொய் எழுதாத மனிதர் என்று ஊரில் சொல்வார்கள்.

தலைவர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? முதல் மாலை, முன்வரிசை, குத்துவிளக்கின் முதல் திரி. எல்லோரும் பின்வாங்கும் ஒரு சொல்லை எழுந்து நின்று தன் வாயால் சொல்வதும் அந்தப் பதவிக்குள் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவும், பிடிக்காத ஒரு நாய்க்காக.

அடுத்த நாள் ஒப்பரேஷன் நடந்தது. ஒரு கால் போனது, டைகர் வந்தது. முதல் ஒரு வாரம் சுவரில் சாய்ந்து சாய்ந்து நடந்தது. இப்போது மூன்று காலில் கோழியைத் துரத்துகிறது.

இதோடு கதை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். சேர் போன் செய்தார். யாப்பின்படி மரணம் நடந்தால் கூடாரம், கொடி, கதிரை, அஞ்சலி உரை எல்லாம் சங்கம் செய்ய வேண்டும், வராத செயற்குழு உறுப்பினருக்குத் தண்டப்பணம் உண்டு என்றார். செத்தவர் உயிரோடு இருக்கிறாரே சேர் என்றேன். காசை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால்தான் மோசடி, எல்லாவற்றையும் செய்தால் அது நடைமுறை என்றார். கச்சேரியில் பழகிய மூளையோடு நம்மால் வாதாட முடியுமா?

ஆக, போன ஞாயிறு எல்லோரும் லயத்து வாசலில் ஆஜர். சேர் அஞ்சலி உரையை எழுதியே கொண்டு வந்திருந்தார். அன்னார் மிகவும் அமைதியான சுபாவம் கொண்டவர் என்று அவர் வாசிக்கவும், அன்னார் எழுந்து போய் பஸ்ஸைப் பார்த்துக் குலைக்கவும் சரியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

புஷ்பம் அக்கா மட்டும் வெளியே வரவேயில்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. கோபமாக இருப்பார், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு வெள்ளைக்கொடி கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது என்று நான் நினைத்துக்கொண்டேன். உரை முடிந்ததும் கதவு திறந்தது. கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயுமாக வந்தார். டைகரைப் பிடித்து உட்கார வைத்து, தலையைச் சுற்றிச் சுற்றிப் போட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நிமிர்ந்து, அடுத்த கைப்பிடியோடு நேரே சேரிடம் போனார்.

"செத்த நேரம் அசையாம நில்லுங்க சேர்," என்றார். "எங்க டைகருக்காகச் சொல்லக்கூடாததச் சொல்லிட்டீங்க. அது உங்களச் சுத்திக்கிட்டு இருக்கக் கூடாதுங்க."

சிவபாதம் சேர் அசையவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். வலமாக மூன்று, இடமாக மூன்று. உள்ளே அடுப்பில் போட்டதும் நெடி கிளம்பி லயம் முழுக்க இருமியது. பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். எல்லாம் மிளகாய் நெடி என்று சொல்லமாட்டேன்.

டைகர் மூன்று காலில் தத்தி வந்து சேரின் சப்பாத்தை முகர்ந்தது. சேர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் போயிருக்கிறது. நடந்ததையெல்லாம் சேரே எழுந்து சொல்லப் போகிறார், யாப்பையும் திருத்தப் போகிறோம். டைகர் ஒரு வருடமாக ஒரு சதம்கூடச் சந்தா கட்டவில்லையே, நீக்கவேண்டி வருமோ என்று கமல் கேட்டதற்கு, சேர் யாப்பை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். காலமானவர்களை நீக்க அதில் இடமில்லையாம்.