தொப்பியை எடு, வெர்லின்

முன் டயருக்கு ஒரு உதை. பின் டயருக்கு ஒரு உதை. அப்புறம் குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தை நோட்டம் விடுவாள். நிமிரும்போது முழங்கால் முனகும். "நீ சும்மா இரு" என்று முழங்காலை அதட்டுவாள். மைனாட் நகரத்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் லோர்னா. கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றாமல் சாவியைத் தொட்டதே கிடையாது. வயது எழுபத்தைந்து. பலமாகக் காற்றடித்தால் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு உடம்பு. ஓட்டுவது என்னவோ கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த முப்பதடி வீட்டு வண்டி.

அவளும் புருஷன் வெர்லினும் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. வெர்லின் கோதுமைக் கிடங்கு இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் அரிசோனா பாலைவனத்தில், தங்களைப் போன்ற நரைத்த தலைகளோடு. வசந்தத்தில் பில்லிங்ஸில் இருக்கும் மகன் கர்ட்டிஸ் வீட்டு வாசல். கோடையில் ஆரிகன் கடற்கரையில் மகள் ஜனேல் வீட்டு வாசல். இடையில் எந்த ஊரில் பத்தாள் உயரத்துக்கு எருமையோ மீனோ உருளைக்கிழங்கோ சிலையாக நின்றாலும் வண்டி அங்கே நிற்கும். வெர்லினை அதன் காலடியில் நிறுத்தி ஒரு படம் எடுப்பாள். "சிரிய்யா, எருமையே உன்னவிட லட்சணமா நிக்குது" என்பாள்.

வாசல் என்று சொன்னது வாசலைத்தான். பிள்ளைகள் வீட்டுக்குள் படுக்க மாட்டாள். கார் நிறுத்தும் பாதையில் வண்டியைப் போட்டு, வீட்டிலிருந்து ஒரு மின்சார வயரை இழுத்துக்கொண்டு, தன் கட்டிலில் தான் படுப்பாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளுதான். நாலாம் நாளு, 'அம்மா, அந்தத் துணிய மடிச்சு வையேன்'னு ஆரம்பிப்பாங்க. எனக்கு எதுக்கு அந்த வம்பு?"

இந்த மாதிரி வீட்டு வண்டிகள் வந்து தங்கும் முகாம்களில் சாயங்காலம் ஒரு இலவச வேடிக்கை உண்டு. எல்லாரும் மடக்கு நாற்காலியில் பீர் டப்பாவோடு உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்துவதைப் பார்ப்பார்கள். புருஷன் கத்துவான், பெண்டாட்டி பதிலுக்குக் கத்துவாள், நாற்பது வருஷக் குடித்தனம் நாலு நிமிஷத்தில் சந்தி சிரிக்கும். லோர்னா வந்தால் மட்டும் கூட்டத்துக்கு ஏமாற்றம். வெர்லின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கையை மட்டும் அசைப்பார். அவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் பிரேக். அவ்வளவுதான் சட்டம். "வாயத் தொறந்தா சண்டை. கையக் காட்டினா குடும்பம்" என்பது அவள் கட்சி.

போன நவம்பரில் அந்தக் கைதான் விழுந்தது. பக்கவாதம். வலது கை தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. பேச்சு வரும், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை காத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில், வயோமிங் முகாம் ஒன்றில் ஒரு கூத்து நடந்தது. கிளம்பும்போது கடைசியாக மின்சார வயரைப் பிடுங்குவது வெர்லின் வேலை. பிடுங்கிவிட்டுக் கட்டை விரலைக் காட்டுவார், இவள் நகர்த்துவாள். அன்றைக்குப் பிடுங்காமலே இடது கை விரலைக் காட்டிவிட்டார். ஒன்பது வருஷப் பழக்கம், விரல் தானாக எழுந்துவிட்டது. வண்டி வயரை இழுக்க, வயர் தான் செருகியிருந்த குட்டைக் கம்பத்தை இழுக்க, கம்பம் மண்ணோடு பெயர்ந்து பின்னாலேயே வந்தது. அந்த வரிசை முழுக்கக் காலைக் காபி பாதியில் நின்றது. எவனோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். வண்டி பில்லிங்ஸ் போய்ச் சேருவதற்குள் வீடியோ கர்ட்டிஸிடம் சேர்ந்திருந்தது.

கேட்ட எல்லாரிடமும் லோர்னா ஒரே பதில்தான் சொன்னாள். "என் தப்பு. மறந்துட்டேன்."

கர்ட்டிஸ் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சமாளிப்பது சுலபம். அப்பாவுக்குப் பக்கவாதம் என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக அரிசோனாவுக்குப் பறந்து வந்து ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதவன். வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில் அவர்களுக்கென்று ஒரு அறை தயார் செய்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் போட்டு வைத்திருக்கிறான். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல். இரண்டும் கூரையை ஒட்டி, புல்வெளியின் வேரைப் பார்த்துக்கொண்டு. லோர்னா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்று மேலே ஏறி வந்துவிட்டாள்.

மே மாதம், சனிக்கிழமை, மதியச் சாப்பாடு. மாட்டிறைச்சியைப் பதமாக வேகவைத்திருந்தான்.

"அம்மா, ரெண்டு மணிக்கு ஒருத்தர் வர்றாரு. வண்டியப் பார்க்க."

"எந்த வண்டிய?"

"உங்க வண்டியத்தான். நல்ல மனுஷன்மா, பத்திரமா வச்சுப்பாரு."

"என் வீட்டுக்கு ஆளக் கூட்டிட்டு வர நீ யாருடா?"

"அந்த வீடியோவ நான் பத்து தடவ பார்த்துட்டேம்மா. உனக்கு எழுபத்தஞ்சு. மறதி வந்துடுச்சு. நாளைக்குக் கம்பம் இருந்த எடத்துல ஒரு ஆளு நின்னா?"

லோர்னாவுக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் முழங்காலில் சிராய்ப்பு பட்டதில்லை அவள் பஸ்ஸில். ஆனாலும், மறதிக்காரி என்ற பட்டம் தன் தலையோடு போகட்டும், அதைத் தாங்குகிற தெம்பு தனக்கு இருக்கிறது, வெர்லினுக்கு இல்லை என்று அவள் கணக்கு.

"ஆமா, மறந்துட்டேன். அதுக்கென்ன இப்போ?"

வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அவ... மறக்கல. நான்தான்... வெரலக் காட்டினேன்."

"யோவ், கறியத் தின்னு."

"நான்தான்."

கர்ட்டிஸ் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "அப்போ இது இன்னும் மோசம். அப்பாவால பார்த்துச் சொல்ல முடியல, அதுவும் தெரியாம நீ ஓட்டுற. ரெண்டு பேரும் சேர்ந்தாக்கூட ஒரு டிரைவர் தேற மாட்டீங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. லோர்னா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்டா உன்னயே பெத்தோம். வெர்லின், தொப்பிய எடு."

வெளியே வந்தால் வண்டியின் மூக்குக்கு எதிரே மகனின் பிக்கப் வண்டி குறுக்கே நிற்கிறது. காலையில் அதை அங்கே நிறுத்தியபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது புரிந்தது. பிக்கப்பின் சாவி அவன் பையில். லோர்னா கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வழக்கம்போல டயரை உதைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து, ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்தாள். வெர்லின் வீட்டுச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். இந்தத் தடவை கட்டை விரல் இல்லை. பிடுங்கிய முனையையே இடது கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். வயோமிங்குக்குப் பிறகு இருவரும் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எந்த வீடியோவிலும் வராத ஏற்பாடு.

இடது பக்கம் கர்ட்டிஸின் புல்வெளி. அளவுகோல் வைத்து வெட்டுவான், பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட அதில் கால் வைக்க அனுமதி இல்லை. வெர்லின் அதில் இறங்கி முன்னால் நடந்து, இடது கையால் 'வா, வா' என்றார். லோர்னா ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஆறு டயரும் புல்லில் ஏறின. மண்ணுக்குள் புதைத்த தண்ணீர்க் குழாய் ஒன்று 'படக்' என்று உடைந்து ஆளுயரத்துக்குப் பீறிட்டது.

"ஐயோ, அம்மா!" கர்ட்டிஸ் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஐம்பது வயது ஆம்பிளை, எட்டு வயதில் பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற அதே முகம். லோர்னா பிரேக்கை மிதித்தாள். ஜன்னலை இறக்கினாள்.

"நகருடா. இத்தன வருஷத்துல ஒரு புள்ளய இடிச்சதில்ல. என் புள்ளயில ஆரம்பிக்க வைக்காத."

"எங்க போறீங்க?"

"உன் தங்கச்சி வீட்டுக்கு. அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். நீ எடுக்கலன்னா மறுபடியும் பண்ணுவேன். நகரு."

அவன் நகர்ந்தான். வண்டி தெருவில் இறங்கி நின்றது. வெர்லின் நடந்து வந்து, தன் பக்கத்துக் கதவைத் திறந்து, படியில் இரண்டு முறை தவறி, ஏறி உட்கார்ந்தார். பெல்ட் அவருக்கு வலது தோள் பக்கம். இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி இழுத்தார். பாதி வந்து கை நழுவியது, பெல்ட் சரக்கென்று உள்ளே ஓடியது. மறுபடி இழுத்தார். மறுபடி ஓடியது.

கர்ட்டிஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தான். "இருங்கப்பா, நான் போடுறேன்."

லோர்னா தெருவைப் பார்த்தபடியே வலது உள்ளங்கையை உயர்த்தினாள், பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடப் பார்க்கும் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி. மகன் நின்றான். மூன்றாவது முறை இழுத்து, நாலாவது முறை இழுத்து, ஐந்தாவது முறை 'டிக்' என்ற சத்தம் கேட்கும் வரை அந்தக் கை இறங்கவில்லை. அப்புறம் இறங்கி, கியரைப் போட்டது.