படித்துறையில் சொன்ன பொய்

எனக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய். முதலில் மாடிப்படி ஏறுவது சிரமமாயிற்று, பிறகு சைக்கிள் மிதிப்பதும். ஆழ்வார்திருநகரியில் தனியாகத்தான் இருக்கிறேன்.

உட்கார்ந்தால், என் தொடைகளையே பிடித்துப் பிடித்துத்தான் எழ வேண்டும். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, படித்துறையில் ஆளில்லாத மத்தியானத்தில்தான் ஆற்றுக்குப் போவேன். தண்ணீருக்குள் மட்டும் உடம்பு பழையபடி லேசாக இருக்கும்.

சென்ற கோடையில் ஒரு நாள், குளித்துவிட்டுத் தண்ணீருக்குள் இருந்த படியில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மூன்று முறை முயன்றும் கால் கேட்கவில்லை. அப்போது, பக்கத்துத் தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் அண்ணாச்சி சாப்பாட்டுக்காகப் படித்துறை வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன வே, இன்னும் ஏறலியா?"

"இன்னும் ரெண்டு முங்கு போடணும். நீங்க போங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் நழுவினாலும் ஆழம். சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். எதிர்க்கரையில் ஓர் எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

நாலு மணிக்குக் கடை திறக்க அண்ணாச்சி திரும்பி வந்தார்.

"இன்னுமா வே முங்குதீரு?"

"எந்திரிக்க முடியல அண்ணாச்சி."

அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேட்டி நனைய இறங்கி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "அப்பமே சொன்னா என்ன வே?" என்றார்.

இப்போது கூட்டமிருக்கும் காலையில்தான் போகிறேன். இறங்குமுன்பே, பக்கத்தில் நிற்பவரிடம், "ஏறும்போது தூக்கி விடணும்" என்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒருவரிடம் சொன்னால் போதுமாயிருந்தது. தை மாதத்திலிருந்து இரண்டு பேரிடம் சொல்கிறேன்.