கோணல் வெட்டு எங்கிருந்து வந்தது

"கட்டையக்கா" என்ற பெயர் முதலில் காதில் விழுந்தது பேருந்து நிறுத்தத்தில். முன்னால் நின்ற பெண்ணின் முடி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல முதுகில் நேராக இறங்கியிருந்தது. யார் வெட்டியது என்று கேட்டதற்கு, "கட்டையக்கா கை" என்றாள், அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்பது போல.

கட்டையக்கா பெயருக்கேற்ற உயரம்தான். தெருமுனைப் பார்லரில் முதல் நாற்காலி அவளுடையது. இரண்டாவது நாற்காலி காலியானபோது தம்பி பெண்டாட்டியை அழைத்துவந்து தொழில் பழக்கினாள். அவளோ ஒட்டடைக்கம்பு. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். சீப்புப் பிடிப்பது, விரலிடுக்கில் முடியை இழுப்பது எல்லாம் அச்சு அசல் நாத்தனார்தான். ஆனால் வெட்டி முடித்தால் இடப்பக்கம் மட்டும் ஏறி நிற்கும்.

"இந்த மாசத்துக்குள்ள நேரா வெட்டலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன். உன் சொந்தம்னு பாக்க மாட்டேன்," என்று கட்டையக்காவிடம் சொன்னாள் பார்லர்க்காரி. தம்பிக்கும் அப்போது வேலை இல்லை. அந்த வீட்டு அடுப்பு இந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தது.

கட்டையக்காவுக்குப் பயத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். கத்தரியை மாற்றினாள், சீப்பை மாற்றினாள். கோணல் போகவில்லை. கடைசியில் தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டுடி."

"ஐயோ அண்ணி! உங்க தம்பிக்கே உங்கள அடையாளம் தெரியாமப் போயிடும்."

"அவன் என்னைக்கு என் மூஞ்சிய நிமிந்து பாத்தான்? வெட்டு!"

பக்கத்தில் நின்று பார்த்தவரை கட்டையக்காவின் கண் கத்தரியை விட்டு நகர்ந்ததில்லை. இப்போது கத்தரி முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால், கண்ணாடியில் வெட்டுகிற ஆள்தான் தெரிந்தாள். இடுப்பை ஒடித்து, ஒரு தோளைத் தாழ்த்தி, கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்த தலைக்குச் சாய்ந்த கோடுதானே நேராகத் தெரியும்!

"ஏண்டி இப்படி மடங்குற?"

"நாற்காலி இவ்ளோ கீழ இருக்கே."

"மிதிச்சு ஏத்த வேண்டியதுதானே!"

"நீங்க ஏத்தவே இல்லையே அண்ணி. இப்படித்தான் செய்யணும் போலன்னு..."

கட்டையக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தன் உயரத்துக்காகத் தரையோடு தரையாக வைத்திருந்த நாற்காலியையும் இவள் பாடமாகப் படித்திருக்கிறாள். தம்பி பெண்டாட்டி நாற்காலிக்கு அடியிலிருந்த மிதியை மிதித்தாள். கட்டையக்கா கால் தொங்க மேலே போனாள். ஏறியிருந்த பக்கத்துக்கு மற்றதைச் சரிசெய்ததில் முடி தோளோடு நின்றது. ஆனால் நேராக நின்றது.

இரண்டாவது நாற்காலி தம்பி பெண்டாட்டிக்கே நிலைத்தது. முதல் நாற்காலியை விட்டுவிட்டு, கட்டையக்கா இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு பார்லர் நடத்துகிறாள்.