தூக்கிவிட ஆள் இருக்கிறார்கள்

அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் அதற்குப் போக வாசலில் ஐந்து படி ஏற வேண்டும். வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு, தண்ணீர் புகாமலிருக்க முன்கூடத்தை உயர்த்தியபோது கட்டிய படிகள். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நான் ஓடி ஏறிய படிகள்தான். தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு வேன் என் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டுப் போனதிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. சக்கர நாற்காலியோடு லிஃப்டில் இறங்கிப் படியின் விளிம்புவரை வருவேன். அங்கிருந்து தெருவைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் வாட்ச்மேனும் மேல்மாடிக்காரரின் டிரைவரும் என்னை நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல மனிதர்கள்.

"அக்கா, கெட்டியா புடிச்சிக்கோ," என்பார் வாட்ச்மேன்.

"அண்ணே, சைடுல பாத்து. செவுத்துல இடிக்கப் போவுது," என்பார் டிரைவர்.

யார் வீட்டுக்கோ சோபா வந்தபோதும் அவர் இதே குரலில்தான் சொன்னார். தூக்கும்போது புடவை விலகும். சரிசெய்யக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேனோ என்று பயம். வேலை பார்த்த தி.நகர் பள்ளியில் என்னைத் திரும்ப வரச் சொன்னார்கள். தினமும் போகும்போதும் வரும்போதும் அப்படித் தூக்கப்படுவதை நினைத்துப் பார்த்து, வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஒரு சாய்தளம் கட்டித் தரும்படி குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் கேட்டேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் போனால் எங்கள் வீட்டுக்கும் பிரசாதம் கொண்டுவருபவர்.

"ஏம்மா, உனக்கென்ன குறை? வாட்ச்மேன் இருக்கான், டிரைவர் இருக்கான். ஒரு குரல் கொடுத்தா தூக்கிண்டு போய் விட்டுடுவா. ராம்ப் வெச்சா கார் நிறுத்தற எடம்னா போயிடும்!"

"யாரையும் கூப்பிடாம நானா போகணும், மாமா."

"தனியாவா? எதுக்கு?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

என் கல்லூரித் தோழி மயிலாப்பூரில் வழக்கறிஞர். பார்க்க வந்தவளிடம் புலம்பினேன்.

"மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குன்னு ஐ.நா.வுல ஒரு உடன்படிக்கை இருக்குடி. நம்ம நாடும் ஏத்துக்கிட்டிருக்கு. அதனாலதான் இங்க புதுச் சட்டமே வந்தது," என்றாள்.

"ஐ.நா.வா? எங்க வீட்டு அஞ்சு படிக்கா?"

"அங்கேர்ந்து யாரும் கொத்தனாரைக் கூட்டிட்டு வரப்போறதில்ல. ஆனா அந்தச் சட்டத்தை வெச்சு இங்க மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட மனு போடலாம். தனியார் கட்டடம்னு தகராறு பண்ணுவாங்க. பாத்துக்கலாம்."

அன்றிரவே உடன்படிக்கையை அனுப்பி வைத்தாள். ஒருவர் தாம் விரும்பும் விதத்தில், விரும்பும் நேரத்தில் நடமாட அரசு வழிசெய்ய வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. வாட்ச்மேன் சாப்பிட்டு வந்த நேரம், டிரைவர் வண்டி துடைத்து முடித்த நேரம், இதுதான் என் நேரமாக இருந்தது. முன்பின் தெரியாத யாரோ எனக்காக இதை எழுதியிருக்கிறார்கள் என்று அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதி இத்தனை வருஷமாகியும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேனே என்று கோபமும் வந்தது.

கணவர் தயங்கினார். "தினம் அவங்க முகத்துல முழிக்கணுமே."

"நீங்க முழிக்கறீங்க. எனக்கு அதுவும் இல்லையே," என்றேன். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

மனு போட்டதும் பிரசாதம் நின்றது. விசாரணை காணொளியில் நடந்தது. அதற்கும் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

"எங்களுக்கெல்லாம் அவ மேல அனுதாபம் உண்டு, மேடம். ஆனா இது பிரைவேட் பில்டிங்," என்றார் செயலாளர்.

விசாரித்த அம்மையார் அதைக் குறித்துக்கொண்டு, "சார், நேத்து எத்தனை தடவை வெளிய போனீங்க?" என்றார்.

"நேத்தா? கார்த்தால வாக்கிங், அப்பறம் கோவில், பால் வாங்க... அதையெல்லாம் யார் எண்ணிண்டிருப்பா?"

"நீங்கம்மா?"

"போகலை, மேடம்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாய்தளம் கட்டச் சொல்லி உத்தரவு வர மாதங்கள் ஆயின. ஜெனரேட்டர் பக்கத்தில் செங்குத்தாக ஒன்றைக் கட்டிக் கடமையை முடித்தார்கள். முதல் முறை இறங்கியபோதே நாற்காலி பிடிநழுவிப் போய் கேட்டில் மோதியது. இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டன. தோழி மறுபடி ஆணையருக்கு எழுதினாள். அதை இடித்து, ஒரு கார் நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொண்டு, நீளமாக, கைப்பிடியோடு கட்டினார்கள். அந்த இடத்துக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

சிமென்ட் காய்ந்ததும் ஒரு காலை நேரம் நானே இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. தெருமுனையில் கீரை விற்கும் அம்மா என் நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐய, இன்னாம்மா ஆச்சு? ஆளையே காணோமேன்னு பாத்தேன். ஊருக்குப் போய்ட்டியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"இல்லம்மா. இங்கயேதான் இருந்தேன். மாடியில."

"இத்தினி நாளுமா?"

தலையாட்டினேன். அவர் ஒரு கட்டு முளைக்கீரையை என் மடியில் வைத்தார்.

பெரிய சாலைவரை போகலாமென்று நினைத்திருந்தேன். பைக் ஏறாமலிருக்க நடைபாதையில் இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே நாற்காலி நுழையவில்லை. சாலையில் இறங்கினேன். பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓரமாக ஒதுங்கித் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து தோழியிடம் கம்பங்களைப் பற்றிச் சொன்னேன்.

"போட்டோ எடுத்தியா?" என்றாள்.

எடுக்கவில்லை. மறுநாள் மறுபடி இறங்கிப் போனேன்.