சின்னத்துரை விட்டுப்போன மோட்டார் சைக்கிளும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் கண் மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு எதிர்பார்ப்பீர்கள். அவை நிறைய உண்டு. ஆனால் அவரோடு ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்த தங்கை நான். அவர் எங்கள் உயிரை வாங்கிய கதையையும் எழுதாவிட்டால் இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அண்ணன் பிறந்தது திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர். அண்ணன் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கூடையோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடப் போனார். நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். இன்று நான் ஆசிரியையாக இருப்பதற்கு அந்த எண்ணெய்க் கைகளே காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக எனக்குக் கோபம் வந்துவிடும்.

அண்ணன் குடிக்க மாட்டார். பொய் பேச மாட்டார். யார் வீட்டுத் தையல் இயந்திரம் நின்றாலும் கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பார். ஒரே குறை, எதையும் ஏன் செய்கிறோம் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். கேட்டால் "கொஞ்சம் பொறு தங்கச்சி" என்பார். அந்த "கொஞ்சம் பொறு" எத்தனை மாதம் நீளும் என்பது அவருக்கே தெரியாது.

எங்கள் பெரியதுரைக்குக் கீழே தோட்டத்தை மேற்பார்த்த வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போனபோது, தம்முடைய மோட்டார் சைக்கிளைக் கராஜில் போட்டுவிட்டுப் போனார். அது ஒருமுறை பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி. டாங்கி நசுங்கியிருந்தது, முன்சக்கரம் கோணியிருந்தது. தூக்கிக்கொண்டு போ என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சீர்செய்து விற்கப் போகிறாராம்.

வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். தலவாக்கலையிலிருந்து தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டையைச் சுமந்துவரும் முஸ்லிம் வியாபாரி அவர், எங்களுக்கெல்லாம் நானா. மழையில் நனையாமல் சேலைகளைக் கொண்டுவர வேண்டும், தம்முடைய குட்டைக் கால்கள் தரையில் எட்ட வேண்டும், இந்த இரண்டுதான் அவர் கேட்டது. அண்ணன் இருக்கையை இறக்கினார். கைப்பிடியை வளைத்து உயர்த்தினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் இரண்டு பெட்டிகள் செய்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி, பின்சக்கரத்தின் இருபக்கமும் பூட்டினார். டாங்கியைத் தட்டி நிமிர்த்திக் கறுப்பு வர்ணம் பூசினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த அழகு வந்து சேரும்வரை நாங்கள் பட்ட பாடு! வாசல் திண்ணையான இஸ்தோப்பு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அம்மாவின் சுளகில் திருகாணிகள். குழம்புச் சட்டியில் ஊறிக்கொண்டிருந்த சங்கிலியைக் கருவாடு என்று நினைத்து நான் கரண்டியை விட்டுக் கிளறியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் புத்தகத்தை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

ஒருவழியாக வண்டி எழுந்து நின்றது. ஒரு வேலைநாள் காலையில், நானாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அண்ணன் அதை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். அங்கேதான் வந்தது வினை.

ஓட்டியவர் மாறினாலும், துரை மலையைச் சுற்றிவந்த காலத்துச் சத்தம் மாறவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் சனங்களின் உடம்புக்குத் தெரியும். பேச்சு நிற்கும், வெற்றிலை துப்பப்படும், குனிந்த முதுகு இன்னும் குனியும். அன்றைக்கும் அப்படித்தான் மலை அடங்கிப் போயிற்றாம். பெரிய கங்காணி குடையை மடக்கி, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சலாம் தொரை" என்று பாதையோரம் நின்றிருக்கிறார். வளைவில் வந்தது எங்கள் அண்ணனும் துணிக்கார நானாவும். சனம் சிரித்த சிரிப்பு அடுத்த தோட்டத்துக்குக் கேட்டது என்று எனக்குச் சொன்னார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

கங்காணி நேரே பெரியதுரையிடம் போனார். மாலையே துரையின் உத்தரவு தாக்கலாக வந்தது. அடுத்த சம்பள நாளுக்குள் அந்த வண்டி தோட்டத்தை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கே பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு என்றால் வேலையும் போயிற்று, காம்பராவும் போயிற்று என்று அர்த்தம். எங்கள் சனத்துக்குக் குடியுரிமையும் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்ட காலம் அது. அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் இந்த நாட்டில் எங்களுக்குக் காலூன்ற இடம் கிடையாது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாங்குகிறவர் வாசலில் நிற்கிறார். கொடுத்தனுப்பினால் தீர்ந்தது. நானா அன்றைக்கே வந்துவிட்டார்.

அண்ணன் சொன்னார், "இப்ப குடுக்க முடியாதுங்க நானா. சத்தம் சரியில்ல."

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சத்தத்துக்கு என்ன தம்பி கொறை? கங்காணியே எழும்பி சலாம் போடுறாரு. யாவாரத்துக்கு அது நல்லந்தானே?"

"அதாங்க சரியில்லங்கிறேன். மாத்தித்தான் குடுப்பேன்."

நானா தலையில் கை வைத்துக்கொண்டு போனார். நான் அண்ணனிடம் கத்தினேன். "அண்ணே, அம்மாவ ரோட்டுல நிறுத்தப் போறீங்களா? குடுத்துத் தொலைங்க. அவரு எந்தச் சத்தத்தோட ஓட்டுனா ஒங்களுக்கு என்ன?"

"கொஞ்சம் பொறு தங்கச்சி" என்றார்.

வேலை முடிந்து வந்தால் புகைக்குழாயைக் கழற்றுவார், பூட்டுவார். பிஸ்கட் தகரத்தை வெட்டி உள்ளே வைத்தார், வெடிச்சத்தம் கேட்டு லயத்து நாய்களெல்லாம் மலையேறி ஓடின. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட குழாய்த் துண்டை வைத்தார், வண்டி மூச்சு முட்டி நின்றது. கங்காணி தினமும் எங்கள் வாசல் வழியாக மெதுவாக நடந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். நான் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டேன். அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு இப்படி இடம் கொடுத்தால் உருப்படுமா என்று அவர் மீதும் எனக்கு எரிச்சல்.

சம்பள நாளும் வந்தது. தினமும் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சளி பிடித்த ஆடு தும்மிக்கொண்டே ஓடிவருவது போன்ற சத்தம். அண்ணன் அந்த வண்டியில் ஏறி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், பெரியதுரையின் கண்ணெதிரே, தோட்டத்துக் கேட்டைத் தாண்டிப் போனார். ஒருவரும் அசையவில்லை. ஒருவர்கூடத் தலைப்பாகையில் கை வைக்கவில்லை. பிறகு பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். துரை பேனாவை எடுத்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாராம்.

"ஆள் ராசா மாதிரி ஈக்கிது, கொரல்தான் இப்புடி" என்று முனகிக்கொண்டே நானா வண்டியை எடுத்துக்கொண்டார். அதிலேயே பல வருடம் வியாபாரம் செய்தார். அந்தத் தும்மல் கேட்டால் பெண்கள் பாதையை விட்டு ஒதுங்காமல் பாதைக்கு ஓடிவருவார்கள்.

பிறகு அண்ணனுக்குத் திருமணமாயிற்று. அண்ணியின் பொறுமையைப் பற்றித் தனி மலரே போடலாம். நெஞ்சில் சளி கட்டி அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவதைச் சரிசெய்ய எண்ணெய் கேட்டார். தாதி என்னைப் பார்த்தார்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற தொழிற்சாலைத் தோழர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த லயத்து இளைஞர்களுக்கும், கோடித்துணி கொண்டுவந்து ஓரமாக நின்று அழுத நானாவுக்கும், பழசை மறந்து முதல் ஆளாக வந்த பெரிய கங்காணிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அம்மாவுக்கு நன்றி எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையைப் போன கிழமை அவருக்குப் படித்துக் காட்டினேன். கங்காணி சலாம் போட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மொதல்ல ஒதுங்குனது கங்காணி இல்ல" என்றார். "அந்த வளைவுக்கு முன்னுக்கு நான்தான் நின்னேன். சத்தத்தக் கேட்டதும் கூடையோட தண்ணிக் கானுக்குள்ள எறங்கி, தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். கும்புட்டேன். நிமிந்து பாத்தா நம்ம பெரியவன். அவன் மொகம் செத்துப் போச்சு. ஒண்ணும் பேசாம போயிட்டான்."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலையே."

தாயும் பிள்ளையும் ஒரே மாதிரி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அண்ணே. சொல்லியிருந்தால் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அந்தக் குழாயை நானே உங்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.