பிரேக்கைத் தொடாத மனுஷன்

அந்தச் சிவப்பு காரை எங்க ஊட்டுக்காரரு வாங்கினு வந்தப்பவே எனக்குப் புடிக்கல. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. தரையோட தரையா படுத்துகினு இருக்கும். ஏறி எறங்கணும்னா தோப்புக்கரணம் போடணும். பொன்னேரில நெல்லு மூட்டை ஏத்தினு போற டிராக்டருங்களுக்கு நடுவுல ஸ்போர்ட்ஸ் காரு எதுக்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்ல லேத்துப் பட்டறை வெச்சிருந்தாரு. பட்டறைக்கு ஆர்டர் குடுத்துகினு இருந்த மெட்ராஸ் ஆளுகிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினது. "சின்ன வயசு ஆசைடி"ன்னாரு. அம்பது வயசை நெருங்குற மனுஷனுக்கு வந்த ஆசை, காரோட நின்னா சந்தோஷம்னு உட்டுட்டேன்.

ஓட்டுறதுல அவரு கஞ்சன். இந்தப் பக்கம் எல்லா டிரைவருக்கும் இருக்கிற வியாதிதான். ரயில்வே கேட்டு தூரத்துல தெரிஞ்சா போதும், கியரை நியூட்ரல்ல தள்ளி உருட்டுறது, பெட்ரோல் மிச்சமாம். கேட்டுகிட்ட வந்ததும் பிரேக்கு மேல ஏறி நிப்பாரு. என் நெத்தி கண்ணாடில போய் இடிக்காத கொறை.

அப்படி ஓட்டினவரு, ஒரு தை மாசம் திடீர்னு மாறிட்டாரு. நியூட்ரலே கெடையாது. அஞ்சாவது கியர்ல வந்துகினு இருப்பாரு, கேட்டு கண்ணுல பட்டதும் நாலு, மூணு, ரெண்டுன்னு ஒவ்வொண்ணா எறக்குவாரு. ஒவ்வொரு கியர் எறக்கும்போதும் கிளட்ச்சை உடறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டரை மிதிச்சு இன்ஜினை ஒரு தடவ உறும உடுவாரு. யாரோ பின்னால புடிச்சி இழுக்கிற மாதிரி வண்டி தானா அடங்கும். நடக்கிற வேகத்துக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துவாரு. காலு பிரேக்குப் பக்கமே போவாது.

"யாரு கத்துக் குடுத்தது இத?"ன்னு கேட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் காரை இப்படித்தான்டி ஓட்டணும். இன்ஜினே வண்டியப் புடிக்கணும்"ன்னாரு, ரோட்டைப் பாத்துகினே.

மூஞ்சியப் பாக்காம பதில் சொல்ற ஆம்பளைய நான் நம்புறதில்ல. இத்தினி வருஷம் இல்லாத மொறை இப்ப எங்கேர்ந்து வந்துது? யாரோ பக்கத்துல உக்காந்து மெச்சினாத்தான் இப்படி உறும உடத் தோணும். எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சது அன்னிலேர்ந்துதான்.

அப்புறம் ஒண்ணொண்ணா சேர்ந்துது. பாட்டு போடாதன்னாரு. ஏசி வேணாம்னு கண்ணாடிய எறக்கிட்டாரு. வெயிலும் தூசியும் மூஞ்சில அடிக்குது, அவருக்கு அது சொர்க்கமாம். நான் வாயத் தொறந்தா, "செத்த நேரம் பேசாம வாடி, இன்ஜின் சத்தம் கேக்கணும்"பாரு. கட்டின பொண்டாட்டி பேச்சு கேக்க வேணாம், இன்ஜின் சத்தம் கேக்கணும்! அதுக்கும் மேல, வண்டி நிக்கப் போற நேரத்துல தலையக் குனிஞ்சு மடிப் பக்கம் ஒரு பார்வை பாப்பாரு. எஸ்எம்எஸ் எல்லாரு கைலயும் பரவினு இருந்த காலம் அது. மடில செல்லை வெச்சினு யாருக்கு மெசேஜ் பாக்குறாருன்னு என் ரத்தம் கொதிச்சிது.

அவரு குளிக்கப் போனப்ப செல்லை எடுத்துப் பாத்தேன். பட்டறை ஆளுங்க நம்பர், சரக்கு லாரி வந்துச்சான்னு ரெண்டு மெசேஜு. வேற ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருந்துது. சுத்தமா அழிச்சிருக்காருன்னு முடிவு பண்ணிட்டேன்.

தச்சூர் கூட்ரோட்டுல வண்டி பாக்குற மெக்கானிக்கு ஒருத்தரு. சர்வீஸுக்கு உட்ட வண்டிய எடுக்க இவரோட போனப்ப என்னைத் தனியா கூப்ட்டு, "அக்கா, இந்த வண்டிய வேற யாராச்சும் ஓட்றாங்களா?"ன்னாரு. "பிரேக் பேடு நான் மாத்தினப்ப எப்படி இருந்துதோ அப்படியே கீது. கிளட்ச்சுதான் தேஞ்சு கெடக்குது. அண்ணன் ஓட்டுற ஓட்டு இது இல்லியே."

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. எவளுக்கோ வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கிறாரு, இல்ல எவளோ இவருக்குக் கத்துக் குடுக்கிறா. ரெண்டுல ஒண்ணு. எனக்குன்னு இருந்தது அந்த ஒரு ஊடும் அந்த ஒரு மனுஷனும். ஏமாத்துறவரோட குப்பை கொட்ட என்னால முடியாது, கையும் களவுமா புடிச்சிட்டு அம்மா ஊட்டுக்குக் கெளம்பிடணும்னு மனசுக்குள்ள பொட்டியே கட்டிட்டேன்.

சித்திரை அமாவாசைக்கு மொத நாளு, "நாளைக்குத் திருவள்ளூர் போலாம்டி, குளத்துல வெல்லம் கரைக்கணும்"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வியாதி தீரணும்னா அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்துல வெல்லம் கரைக்கிறது எங்க பக்கத்து வழக்கம். ஆனா இவரு கோயில் வாசல்லயே செருப்புக்குக் காவல் நிக்கிற ஆளு. சக்கரை வியாதி பத்து வருஷமா இருக்கு. மாத்திரையப் போட்டுகினு பட்டறைக்குப் போயினே இருப்பாரு. அதுக்காக ஒரு நாளும் சாமிகிட்ட போனதில்ல.

"யாருக்கு வியாதி?"ன்னேன்.

"எல்லாரும் நல்லா இருக்கட்டும்னுதான்"ன்னாரு.

அந்த எல்லாருல எவ இருக்கான்னு பாக்கத்தான் நானும் கெளம்பினேன்.

காலைல நாஷ்டா முடிச்சிக் கெளம்பியும், கும்பலத் தாண்டி குளத்துக்குப் போறதுக்குள்ள உச்சி வெயில் ஆயிடுச்சு. வெல்லத்தைக் கரைச்சிட்டுப் படியேறினோம். கல்லு தோசைக்கல்லா காஞ்சு கெடக்குது. பொம்பளைங்க புடவையத் தூக்கினு ஓடுறாங்க, கொழந்தைங்க அலறுது, நானும் ஒத்தக் கால்ல குதிச்சினு நெழலுக்கு ஓடினேன். திரும்பிப் பாத்தா, எங்க ஊட்டுக்காரரு நடு வெயில்ல நிதானமா நின்னு வேட்டியப் புழிஞ்சுகினு இருக்காரு. மெத்தை மேல நிக்கிற மாதிரி நிக்கிறாரு.

"இன்னாங்க, காலு சுடலையா?"ன்னு கத்தினேன்.

அவரு என் காலைப் பாத்தாரு. சுத்தி ஓடுறவங்க காலைப் பாத்தாரு. அப்புறம்தான் "ஐயோ, சுடுது சுடுது"ன்னு குதிக்க ஆரம்பிச்சாரு.

நான் திரும்பவும் வெயில்ல எறங்கி ஓடினேன். கையப் புடிச்சி இழுத்தாந்து மண்டபத்து நெழல்ல உக்கார வெச்சு, காலைத் தூக்கி என் மடில வெச்சிப் பாத்தேன். வலது பாதம் பூரா கொப்பளம், இடதுல ஒண்ணு ரெண்டு. விரலால அழுத்தினேன். அவரு என் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தாரு, அழுத்துறேனா இல்லியான்னு தெரிஞ்சுக்க.

"மரத்துப் போச்சுடி"ன்னாரு. "மொதல்ல வெரலு, அப்புறம் பாதம். இடது காலுலயும் சூடு தெரியல, கிளட்ச்சை அழுத்துறது மட்டும் தெரியுது. வலது காலு பிரேக்கு மேல இருக்கா, எவ்ளோ அழுத்துறேன், ஒண்ணும் தெரியல. குனிஞ்சு பாத்தாத்தான் உண்டு. ஆக்சிலேட்டருன்னா சத்தம் போடுது, காதால கேட்டு ஓட்டிடலாம். பிரேக்குக்கு ஏது சத்தம்?"

அடப்பாவி மனுஷா! கன்டெய்னர் லாரிங்க வரிசையா போற ரோட்டுல, காதை நம்பி என்னை உக்கார வெச்சு ஓட்டியிருக்காரே! "ஏன் சொல்லல?"ன்னு அந்தக் கும்பல்ல கத்தினேன். "சொன்னா சாவியப் புடுங்கிடுவ. அப்புறம் பட்டறையப் போய் யாரு பாக்குறது?"ன்னாரு. சந்தேகப்பட்டது தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன். ஆனா அது ஒரு பொம்பளையா இருந்திருந்தா சண்டை போட்டு வெரட்டியிருப்பேன். இத எந்தச் சண்டை போட்டு வெரட்டுறது? அவரு காலைப் புடிச்சினு தாங்க முடியாம அழுதேன்.

கொப்பளத்து மேல கர்சீப்பைச் சுத்திக் கட்டி, சாவிய வாங்கினு நான் ஓட்டினேன். பொன்னேரி டிரைவிங் ஸ்கூல்ல கத்துகினு லைசென்ஸ் வாங்கி வெச்சிருந்ததுதான், இந்த வண்டியத் தொட்டது இல்ல. பெரியபாளையம் தாண்டி, முன்னால போன மணல் லாரி சட்டுன்னு நின்னுச்சு. கியராவது ஒண்ணாவது, பிரேக்கை ரெண்டு காலாலயும் மிதிச்சேன். காரு கிரீச்சுன்னு கத்திகினு லாரிக்கு ஒரு கை தூரத்துல நின்னு ஆஃப் ஆயிடுச்சு.

"நல்லா புடிச்சடி"ன்னாரு, பக்கத்து சீட்டுல சாஞ்சுகினு. "பாரு, எனக்குக் கொஞ்சங்கூட பயமே இல்ல."

நான் கீழ பாத்தேன். அவரு வலது காலு தரைய இன்னும் ஓங்கி மிதிச்சுகினு இருந்துது. கொப்பளம் ஒடஞ்சு கர்சீப்பு நனைஞ்சு போச்சு.

"வண்டி நின்னுடுச்சுங்க, காலை எடுங்க"ன்னேன்.

"எடுத்துட்டேனே"ன்னாரு.